அரையாண்டு விடுமுறையில் மூன்று நாள்: பிடதியா, கொச்சியா? அம்மாவும் உடன் வருகிறார்

காவிரிக்கரையான் (ஈரோடு) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்து டிசம்பர் 24 வாக்கில் பள்ளிகள் விடுமுறை விட்டதும், குடும்பத்துடன் ஒரு தீம் பார்க்குக்குச் சென்றுவர எண்ணியிருக்கிறோம். எனக்கும் மனைவிக்கும் சேர்ந்தாற்போல் கிடைக்கும் விடுப்பு மூன்று நாள்தான். அதனால் இரண்டு இரவுக்கு மேல் வெளியூரில் தங்க இயலாது. டிசம்பர் 26 முதல் 31 வரை எந்த மூன்று நாளை எடுத்தாலும் அலுவலகத்தில் மறுப்பு இல்லை.

வருபவர்கள் ஐந்து பேர். மகளுக்குப் பன்னிரண்டு வயது. உயரத்திலிருந்து தலைகீழாக இறங்கும் இராட்டினங்களைக் கைப்பேசியில் பார்த்துப் பார்த்து, எதில் முதலில் ஏறுவது என்று இப்போதே பட்டியல் போட்டு வைத்திருக்கிறாள். மகனுக்கு ஐந்து வயது. அவனுக்குத் தண்ணீர் இருந்தால் போதும், வேறெதுவும் வேண்டாம். ஐந்தாவது ஆள் என் அம்மா. வயது அறுபத்தேழு, முழங்கால் வலி உண்டு. மெதுவாக நடப்பார், ஆனால் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாது. அப்பா காலமானபின் இந்த இரண்டு ஆண்டுகளில் கோயிலைத் தவிர அவர் வேறெங்கும் வந்ததில்லை. "நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். அவரை விட்டுவிட்டுப் போக எனக்கும் மனமில்லை, பிள்ளைகளுக்கும் மனமில்லை.

ஈரோட்டிலிருந்து பெங்களூரை அடுத்த பிடதியில் இருக்கும் வொண்டர்லாவும், கொச்சியை அடுத்த பள்ளிக்கரையில் இருக்கும் வொண்டர்லாவும் ஏறத்தாழ ஒரே தூரம்தான். திருப்போரூர் அருகே 2025 டிசம்பரில் திறக்கப்பட்ட சென்னைப் பூங்காவையும் யோசித்தோம். எங்களுக்கு அது இன்னும் தொலைவு என்பதோடு, வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் அந்தக் கடற்கரையில் பிடித்துக்கொள்வது உண்டு என்பதால் விட்டுவிட்டோம். மார்கழிக் குளிரில் சிறுவனைத் தண்ணீரில் விடலாமா, அம்மாவுக்கு எந்த ஊர் ஏற்றது, காரில் போவதா ரயிலில் போவதா என்று சென்றுவந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும். அக்டோபர் தொடக்கத்திலேயே கேட்பதற்குக் காரணம் ரயில் முன்பதிவுதான்.

ஓசூர்ச் சாலை எழுதுகிறார்:

நான் பிடதியைப் பரிந்துரைக்கிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது உங்கள் அம்மாவின் முழங்கால்தான். பிடதிப் பூங்காவை ஒட்டியே அவர்களுடைய தங்கும் விடுதி இருக்கிறது. கொச்சியில் அந்த வசதி இல்லை. வயதானவர்களுக்கு நடுப்பகலில் களைப்பு வந்தால், அறைக்கு அழைத்துச் சென்று ஒரு மணி நேரம் படுக்க வைத்துவிட்டு மீண்டும் பூங்காவுக்கு வரலாம். என் மாமனாரை இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்படித்தான் வைத்துப் பார்த்துக்கொண்டோம். அவரும் மாலையில் உற்சாகமாக எழுந்து வந்து, பேரன் மகிழுந்து ஓட்டும் விளையாட்டைக் கம்பிக்கு வெளியே நின்று முழுவதும் பார்த்தார்.

காரில் போவதாக இருந்தால் சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகச் சென்று, பெங்களூர் நகருக்குள் நுழையாமல் எலக்ட்ரானிக் சிட்டி அருகே நைஸ் சாலையைப் பிடியுங்கள். அது நேராக மைசூர்ச் சாலையில் கொண்டுபோய் விடும். சுங்கக் கட்டணம் சற்று அதிகம்தான். இருந்தாலும் சில்க் போர்டு சந்திப்பில் பிள்ளைகளோடு சிக்கிக்கொள்வதைவிட அந்தப் பணம் போகட்டும். காலை உணவுக்குப் பிடதியில் தட்டு இட்லி கிடைக்கும். பெயருக்கேற்பத் தட்டளவு அகலம், பஞ்சுபோல் இருக்கும். உங்கள் அம்மாவுக்கு ஒன்றே போதுமானதாக இருக்கும்.

குளிரைப் பற்றி மறைக்க விரும்பவில்லை. டிசம்பர்க் கடைசியில் பெங்களூரில் பகல் வெப்பம் 26, 27 டிகிரி அளவில்தான் இருக்கும், இரவில் 16 வரை இறங்கும். மழை நடனம் நடக்கும் கூடத்தில் வெதுவெதுப்பான நீர் விழும். மற்ற இடங்களில் நண்பகலில்தான் இதமாக இருக்கும். மூன்றரை மணிக்குமேல் சிறுவனைத் தண்ணீரில் இறக்காமல் இருந்தால் சமாளித்துவிடலாம்.

மேட்டுப்பாளையத்தான் எழுதுகிறார்:

வெளியூரில் இரண்டு இரவு தங்க வேண்டுமா என்பதையே ஒருமுறை யோசித்துப் பாருங்கள். உங்கள் ஊரிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் எங்கள் ஊர் பிளாக் தண்டர் தண்ணீர்ப் பூங்கா இருக்கிறது. விடியலில் புறப்பட்டால் இரவு வீடு திரும்பிவிடலாம், மீதமுள்ள இரண்டு நாளும் ஓய்வாகக் கழியும். ஐந்து வயதுச் சிறுவனுக்கு அங்குள்ள தண்ணீர் விளையாட்டுகள் தாராளமாகப் போதும். ஆனால் உங்கள் மகள் போட்டு வைத்திருக்கும் பட்டியலுக்கு அது ஈடுகொடுக்குமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை ஊட்டிக்குப் போகும் வண்டிகள் எல்லாம் அதே சாலையில்தான் வரும். காலை எட்டு மணிக்குள் மேட்டுப்பாளையத்தைத் தொடாவிட்டால் பாலத்தருகே நேரம் போய்விடும்.

வாளையார்க் காற்று எழுதுகிறார்:

கோவையில் குடியிருக்கிறேன். பிடதிக்கு ஒருமுறையும் கொச்சிக்கு மூன்று முறையும் இதே விடுமுறையில் சென்றிருக்கிறேன். உங்கள் குடும்பத்துக்குக் கொச்சிதான் பொருந்தும் என்று தயங்காமல் சொல்வேன். முதல் காரணம் வெயில். நாம் மார்கழி என்றால் குளிர் என்று பழகியிருக்கிறோம். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிக் கடலோரம் சென்றுவிட்டால் டிசம்பர்க் கடைசியிலும் பகலில் 31, 32 டிகிரி இருக்கும், இரவிலும் 23 அளவுக்குத்தான் இறங்கும். இந்த வேறுபாட்டை நான் அறிந்துகொண்டது என் இளைய மகனால். குளிர் மிகுந்த ஓர் ஊர்ப் பூங்காவில், மாலை நாலரை மணிக்கு அலைக்குளத்திலிருந்து அவனைத் தூக்கியபோது உதடு கறுத்து, கீழ்த்தாடை தந்தியடித்தது. துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, சூடான பாலை ஒவ்வொரு மிடறாகக் கொடுத்து, அவன் பேசத் தொடங்கும்வரை நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. கொச்சியில் அதே மாதத்தில் ஆறு மணிவரை ஆடிவிட்டு ஐஸ்கிரீம் கேட்டான்.

இரண்டாவது, ரயில். 2025 நவம்பரில் தொடங்கிய பெங்களூரு–எர்ணாகுளம் வந்தே பாரத் ஈரோட்டில் நிற்கிறது. காலையில் ஏறினால் பிற்பகல் இரண்டு மணிக்குள் கொச்சி நகரத்து எர்ணாகுளம் சந்திப்பு. அதில் இடம் கிடைக்காவிட்டால் பெங்களூரு–எர்ணாகுளம் இன்டர்சிட்டி இருக்கிறது, மாலை ஐந்துக்குள் சேர்க்கும். திரும்புவதற்கு அந்த இன்டர்சிட்டியே காலை ஒன்பது மணியளவில் எர்ணாகுளத்திலிருந்து கிளம்பி, பிற்பகலில் ஈரோட்டில் விடும். முழங்கால் வலி உள்ளவருக்குக் காரில் ஆறேழு மணி நேரம் காலை மடக்கி உட்காருவதைவிட, எழுந்து இரண்டடி நடக்க முடிகிற ரயில் நல்லது. முன்பதிவு இப்போது அறுபது நாளுக்கு முன்புதான் திறக்கிறது. 120 நாள் என்ற பழைய கணக்கு 2024 நவம்பர் 1 முதல் மாறிவிட்டது. உதாரணமாக டிசம்பர் 28 பயணத்துக்கு அக்டோபர் 29 காலை எட்டு மணிக்குத் திறக்கும், எட்டு அடிக்கும்போது கணினி முன் இருங்கள்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் ஐயப்ப பக்தர்களின் கணக்கையும் பார்க்க வேண்டும். கார்த்திகை முதல் நாள் தொடங்கும் மண்டல காலம் டிசம்பர் 26 அல்லது 27இல் மண்டல பூஜையோடு நிறைவடைந்து நடை சாத்தப்படும். மகரவிளக்குக்காக மறுபடி திறப்பது 30ஆம் தேதி. மண்டல பூஜைக்கு முந்தைய நாள்களில் கேரளத்துக்குப் போகும் ரயிலிலும் சாலையிலும் மாலை அணிந்தவர்கள் நிறைந்திருப்பார்கள். இடைப்பட்ட நாள்களில் நெரிசல் சற்றுத் தணிகிறது என்பது என் அனுபவம். மறுபக்கம், 31ஆம் தேதி இரவு ஃபோர்ட் கொச்சியில் பப்பாஞ்ஞி என்ற கிழவர் உருவப் பொம்மையை எரிக்கும் விழாவுக்கு ஊரே திரளும். ஆகவே 28 புறப்பாடு, 29 பூங்கா, 30 காலை திரும்புதல் என்று வைத்துக்கொண்டால் இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் புகுந்து வந்துவிடலாம். கேரளப் பள்ளிகளுக்கும் அது கிறிஸ்துமஸ் விடுமுறைதான் என்பதால் பூங்கா காலியாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். விடுமுறை நாள் கட்டணமும் கூடுதலாகவே இருக்கும். நுழைவுச்சீட்டை முன்கூட்டியே அவர்களுடைய இணையதளத்தில் வாங்கிவிடுங்கள். அறுபது வயதைக் கடந்தவர்களுக்குச் சலுகை உண்டு, அம்மாவின் ஆதார் அட்டையை மறக்க வேண்டாம்.

முதல் நாள் பிற்பகலை வீணாக்காமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். எர்ணாகுளம் சந்திப்புக்கு அருகிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. அங்கே ஏறி வைற்றிலாவில் இறங்கினால், பக்கத்திலேயே வாட்டர் மெட்ரோவின் படகுத்துறை. 2023 ஏப்ரலில் தொடங்கிய சேவை அது. மின்கலத்தில் ஓடும் குளிரூட்டப்பட்ட படகு, காயல் வழியாக அரை மணிக்குள் காக்கநாட்டில் சேர்க்கும். படகுத்துறை மிதவையாக இருப்பதால் நீர்மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் படகின் தளமும் துறையும் ஒரே மட்டத்தில் நிற்கும். உங்கள் அம்மா காலைத் தூக்கி வைக்கவே தேவையில்லை. படகு புறப்படும் நேரங்களை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். காக்கநாட்டிலேயே அறை எடுத்தால் பூங்கா அங்கிருந்து பக்கம், நகர நெரிசலுக்குள் மீண்டும் போக வேண்டியதில்லை.

இனி உங்கள் மகள். அவள் வயதைச் சொன்னீர்கள், உயரத்தைச் சொல்லவில்லை. பூங்காவில் வயதை யாரும் கேட்கப்போவதில்லை. 85 செ.மீ.க்குக் கீழே இலவசம், 85 முதல் 140 வரை குழந்தைக் கட்டணம், அதற்கு மேல் பெரியவர் கட்டணம். அதிவேக இராட்டினங்கள் பலவற்றில் ஏறவும் 140 செ.மீ. வேண்டும். என் மூத்தவள் 141 என்று நம்பிப் போனோம். ஒரு பூங்காவில் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று முனைக்கு வந்தபோது, பணியாளர் காலணியைக் கழற்றச் சொல்லி, சுவரில் வரைந்திருந்த கோட்டருகே நிறுத்தினார். குதிகாலைத் தூக்கினாள். "மோளே, காலைத் தாழ்த்து" என்றார் அவர், அன்பாகத்தான். 138. அவள் அழுதபடி அந்த வரிசையைப் பின்னோக்கி நடந்து வந்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. வீட்டிலேயே, வெறுங்காலுடன், சுவரில் அளந்துகொண்டு போங்கள்.

ஓசூர்ச் சாலை எழுதுகிறார்:

வாளையார்க் காற்று சொன்ன படகு வழி எனக்குத் தெரியாது. இரண்டு பயணங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது, அம்மாவுக்கு நடுப்பகலில் படுக்க இடம் வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் இன்னும் பிடதியைச் சொல்வேன். அது தேவையில்லை என்றால் கொச்சியே ஆகட்டும். சிறுவன் விஷயத்தில் அவர் சொல்வதுதான் சரி.

பேரன்பேத்தி எடுத்தவள் எழுதுகிறார்:

தம்பி, சென்ற ஆண்டு இதே விடுமுறையில் என் மகன் குடும்பத்தோடு கொச்சிப் பூங்காவுக்குப் போய்வந்தேன். எனக்கு அறுபத்தொன்பது வயது. உங்கள் அம்மாவின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

"நீங்கள் போய்விட்டு வாருங்கள்" என்று அவர் சொல்வது வர விருப்பமில்லாமல் அல்ல. தன்னால் உங்களுக்கு வேகம் குறையும் என்ற தயக்கம்தான் அப்படிப் பேச வைக்கிறது. நானும் அப்படியேதான் சொன்னேன். பேத்தி விடவில்லை. போன பிறகு நடந்தது என்னவென்றால், நுழைந்ததும் ஒரு மரத்தடி இருக்கையில் என்னை உட்காரவைத்து, ஆறு பேரின் பைகளையும் செருப்புகளையும் கைப்பேசிகளையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டு எல்லோரும் ஓடிவிட்டார்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, என் பிள்ளைகள் நல்லவர்கள். ஆனால் பைகளை விட்டு நான் நகர முடியாது, கழிப்பறைக்குப் போகவும் முடியாது. இரண்டு மணி நேரம் அப்படியே இருந்தேன். திரும்பி வந்த மருமகள் என் முகத்தைப் பார்த்த உடனே புரிந்துகொண்டு, "அத்தை, தப்புப் பண்ணிவிட்டோம்" என்று சொல்லி, பைகளை எல்லாம் லாக்கரில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள். அதன் பிறகுதான் எனக்குப் பூங்காவே கண்ணில் பட்டது. ஆகவே உள்ளே போனவுடன் முதல் வேலையாக லாக்கர் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது உடை. தண்ணீர் விளையாட்டுகளில் சேலையோ பருத்தி உடையோ அனுமதிப்பதில்லை. நைலான், லைக்ரா போன்ற துணியில்தான் இறங்கலாம். இது தெரியாமல் நான் பருத்திச் சேலையில் போனேன். அங்கே கடையில் விற்கிறார்கள், ஆனால் என் உடம்புக்கு வசதியாக, முழுக்கை வைத்து, முழங்காலுக்குக் கீழ்வரை வரும்படியான அளவு கிடைக்கத் தேட வேண்டியிருந்தது. உங்கள் அம்மாவுக்கு ஊரிலேயே வாங்கி, ஒருமுறை வீட்டில் உடுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த உடையில் வெளியே வரக் கூச்சமாக இருக்கும், எனக்கும் இருந்தது. அலைக்குளத்தின் ஓரத்தில், தண்ணீர் கணுக்கால் அளவே வரும் இடத்தில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சங்கு ஊதியதும் அலை வந்து இடுப்புவரை நனைத்துவிட்டுப் போயிற்று. பக்கத்தில் கோழிக்கோட்டிலிருந்து வந்திருந்த என் வயதுடைய ஓர் அம்மா சிரித்தார். அவர் மலையாளத்தில் பேச, நான் தமிழில் பேச, அடுத்த அரை மணி நேரம் இருவர் பேரப்பிள்ளைகளைப் பற்றிய கதையும் ஓடியது. கூச்சம் எப்போது போயிற்று என்றே தெரியவில்லை.

முழங்காலைப் பற்றி: அந்தப் பூங்காவில் ஏற்றமும் இறக்கமும் உண்டு. அவரைப் பிள்ளைகளின் பின்னாலேயே இங்கும் அங்கும் நடக்க வைக்காதீர்கள். சிறுவனுக்கான தண்ணீர்ப் பகுதி ஒன்றை மையமாக வைத்துக்கொண்டு, அவரும் சிறுவனும் உங்களில் ஒருவரும் அங்கேயே இருங்கள். மற்றவர் மகளோடு பெரிய இராட்டினங்களுக்குப் போகட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறிக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் முதலில் இராட்டினங்களுக்குப் போய்விட்டு, உணவுக்குப் பிறகுதான் தண்ணீருக்கு வருவார்கள். அதனால் நண்பகலுக்கு முன்னரே தண்ணீர்ப் பகுதிக்குப் போனவர்களுக்குக் கூட்டம் குறைவாக இருக்கும், நல்ல வெயிலும் கிடைக்கும். வெளி உணவு கொண்டுபோக விடமாட்டார்கள். உங்கள் அம்மா சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவராக இருந்தால், அதை லாக்கரில் வைத்துப் பூட்டிவிடாமல் கையோடு வைத்திருங்கள், மதிய உணவையும் பிள்ளைகளின் விளையாட்டு முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

காவிரிக்கரையான் எழுதுகிறார்:

எழுதிய எல்லோருக்கும் நன்றி. பேரன்பேத்தி எடுத்த அம்மா எழுதியதை என் அம்மாவிடம் முழுவதுமாக வாசித்துக் காட்டினேன். பைகளைப் பற்றிய பகுதி வந்தபோது, "பாவம் அந்தம்மா" என்றார். பிறகு சற்று நேரம் கழித்து, "அந்த அலை வரும்போது வழுக்காதா?" என்று கேட்டார். வருகிறார் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டோம். நடுப்பகலில் படுக்க வேண்டியிருக்குமா என்று கேட்டதற்கு, உட்கார இடம் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். அதனால் ஓசூர்ச் சாலை அவர்களின் யோசனையை அடுத்த முறைக்கு வைத்துக்கொண்டு, இம்முறை கொச்சிக்கே போகிறோம்.

28 காலை வந்தே பாரத், பிற்பகல் படகில் காக்கநாடு, 29 முழுவதும் பூங்கா, 30 காலை இன்டர்சிட்டியில் திரும்புதல் என்று முடிவு செய்திருக்கிறோம். முன்பதிவுக்காக அக்டோபர் 29ஆம் தேதிக்கு நினைவூட்டல் வைத்துவிட்டேன். ஈரோட்டில் துணிக்குப் பஞ்சமில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை ஜவுளிச் சந்தையில் என் மனைவியும் அம்மாவும் சேர்ந்து அந்த முழுக்கை உடையைத் தேடப் போகிறார்கள்.

உயரத்தையும் அளந்தோம். பள்ளி மருத்துவ முகாமில் 141 என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். வெறுங்காலுடன் கதவு நிலையில் நிறுத்தி, தலைமேல் அளவுகோலைக் கிடையாக வைத்துப் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தால் 139.5 செ.மீ. மகளிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். முகம் வாடியது, ஆனால் வரிசை முனையில் தெரிவதைவிட இப்போது தெரிந்தது நல்லது என்று அவளே சொன்னாள். பட்டியலை எடுத்து, 140 கேட்கும் இராட்டினங்களைத் தனியாகவும் மற்றவற்றைத் தனியாகவும் எழுதியிருக்கிறாள். இன்னும் ஏறத்தாழ மூன்று மாதம் இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் கதவருகே போய் நிற்பது என்று தம்பியிடம் சொல்லிவைத்திருக்கிறாள். அளவுகோலைப் பிடிக்கும் பொறுப்பைப் பாட்டி ஏற்றுக்கொண்டிருக்கிறார்.